மண்பானை மாப்பிள்ளை

"பொண்ணுக்குச் செவ்வாய் தோஷம் இருக்குங்க" என்று ரசிக்பாய் தொலைபேசியில் சொல்லிவிட்டார். சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் செய்தி அவருக்கே தெரிந்தது.

மறுமுனையில் பையனின் அப்பா சற்று நேரம் பேசவில்லை. குராசா தீவிலிருந்து கடல் தாண்டி வந்த அந்த மௌனம் ரசிக்பாய்க்கு மிகவும் பிடித்திருந்தது. பனாமாவில் தன் கடையின் பின்னறையில், மடித்து அடுக்கிய திரைச்சீலைகளுக்கு நடுவே நின்று அதை முழுவதும் கேட்டார்.

"நீங்க அனுப்பின ஜாதகத்துல அப்படி எதுவும் இல்லையே?"

"யாராவது எழுதி அனுப்புவாங்களா?"

"நல்லவேளை, உண்மையைச் சொன்னீங்க. மனுஷன்னா உங்களை மாதிரி இருக்கணும்" என்று அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஒரு வரன் தொலைந்தது. ரசிக்பாய் முன்கடைக்கு வந்து, படுக்கை விரிப்பு கேட்டு நின்ற ஒரு அம்மாளுக்குத் தலையணை உறை ஒன்றை இனாமாகக் கொடுத்தார்.

விஷயம் இதுதான். அவருக்கு ஒரே மகள், ஊர்வி. முப்பத்தொரு வயது, மாட்டுக்கும் நாய்க்கும் மருத்துவர். கடந்த கார்னிவல் சமயத்தில் அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், சாலை ஓரமாக நிறுத்தி, நான்கு வருடமாகத் தன்னோடு ஒரே வீட்டில் இருக்கும் யெசேனியா வெறும் தோழி இல்லை என்று சொன்னாள். வாழ்ந்தால் அவளோடுதான் என்றாள்.

ரசிக்பாய் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். எதிரே இருந்த சிக்னல் மூன்று முறை சிவந்து மூன்று முறை பச்சையானது. கடைசியில், "அந்தப் பொண்ணு வேளாவேளைக்குச் சாப்பிடுறாளா?" என்று கேட்டார்.

ஊர்வி ஒரே நேரத்தில் அழுதாள், சிரித்தாள். "அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க பப்பா."

"சொல்றேன்."

அது நடந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. அவர் மனைவி தக்ஷாபென்னின் இதயத்தில் ஒரு சின்னக் குழாய் வைத்திருக்கிறார்கள். அதிர்ச்சியான எதையும் சொல்லாதீர்கள் என்று டாக்டர் சொன்னது ஆறு வருடத்துக்கு முன்பு. அன்று முதல் ரசிக்பாய் தன் சர்க்கரை அளவைக்கூட மனைவியிடம் சொன்னதில்லை.

ஊர்வி போன வாரம் கெடு வைத்துவிட்டாள். "தீபாவளிக்குள்ள சொல்லலைன்னா நாங்க பக்கத்துல கோஸ்டா ரிக்கா போய்ச் சட்டப்படி கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்துடுவோம். உங்களைக் கூப்பிட மாட்டேன் பப்பா. அம்மா இல்லாம உங்களை மட்டும் எப்படிக் கூப்பிடறது?"

மகளின் கல்யாணத்தில் தான் இல்லை என்ற எண்ணம் ரசிக்பாயின் நெஞ்சில் ஈரத்துணி மாதிரிக் கிடந்தது. யாருடன் கல்யாணம் என்பதை அவர் காரிலேயே, அந்த மூன்றாவது சிவப்பு விளக்கில், கடந்துவிட்டார். கல்யாணத்தில் தான் எங்கே நிற்பது என்பதைத்தான் கடக்க முடியவில்லை.

அன்று மாலை தக்ஷாபென் தேப்லா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்.

"குராசாக்காரங்க பேசினாங்க" என்றார், திரும்பாமல். "நம்ம பொண்ணுக்குச் செவ்வாயாமே."

"ஆமா."

"எனக்குத் தெரியாம எப்ப வந்தது?"

"பிரபுதாஸ் மாமா புதுசா கணிச்சு அனுப்பினார்."

"மாமா போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சே."

"அதுக்கு முன்னாடியே அனுப்பிட்டார்."

தக்ஷாபென் தேப்லாவைத் திருப்பிப் போட்டார். முப்பத்தாறு வருட இல்லறத்தில் ரசிக்பாய் அந்த மௌனத்துக்குள் பலமுறை போய் வந்திருக்கிறார். வெளிச்சம் போடும் ஸ்விட்ச் எங்கே என்று மட்டும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கல்லில் தேப்லா உப்பி, அடங்கியது.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார் தக்ஷாபென்.

இதோ, வாசலே திறந்துவிட்டது. ரசிக்பாய் மூச்சை இழுத்தார்.

"ஊறுகாய் தீர்ந்துடுச்சு போல" என்றார்.

"சரி" என்றார் தக்ஷாபென். "தோஷம்னு ஊருக்குத் தெரிஞ்சாச்சு. பரிகாரம் பண்ணிடுவோம். பானைக்குக் கட்டி வெச்சுட்டா அவளுக்கு ஒரு தடையும் இல்ல."

செவ்வாய் உள்ள பெண்ணை முதலில் ஒரு மண்பானைக்குக் கல்யாணம் செய்து வைப்பார்கள். கெடுதல் எல்லாம் பானையோடு போகும். பானையை உடைத்துத் தண்ணீரில் விட்டால் பெண் புதுசு. அப்புறம் எத்தனை வரன் வேண்டுமானாலும் பார்க்கலாம். ரசிக்பாய் தேப்லாவைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

மறுநாள் காலை ஊர்வி பேசினாள்.

"பப்பா, உங்களை நான் என்ன செய்யச் சொன்னேன்? நீங்க என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? என்னை ஒரு பானைக்கு நிச்சயம் பண்ணியிருக்கீங்க!"

"சின்னப் பானைதாம்மா."

"பப்பா!"

"தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. அதுக்குள்ள எப்படியும் சொல்லிடுறேன்."

எதிர்முனையில் யெசேனியா என்னவோ கேட்பதும், ஊர்வி ஸ்பானிஷில் விளக்குவதும், பிறகு யெசேனியா நிறுத்தாமல் சிரிப்பதும் கேட்டது. ரசிக்பாய்க்கு அந்தச் சிரிப்பின் மீது மரியாதை வந்தது.

அவர் நேரே கோயிலுக்குப் போனார். பூசாரி ஜோஷி மகராஜ் குஜராத்தின் பாவ்நகரிலிருந்து வந்து மூன்று வருடம் ஆகிறது. கால்பந்து பார்த்தே ஸ்பானிஷ் கற்றுக்கொண்ட இளைஞர்.

"மகராஜ், இந்த மாசம் முழுக்க நல்ல நாளே இல்லைன்னு சொல்லிடுங்களேன்."

"தக்ஷாபென் நேத்தே வந்து தேதி குறிச்சு வாங்கிட்டுப் போயிட்டாங்களே."

"நேத்தா?"

"மைக் வேணும்னும் சொல்லிட்டாங்க."

ரசிக்பாய் வீட்டுக்கு வந்து வேறு வழி பார்த்தார். "தக்ஷா, தோஷ சமாச்சாரம். நாலு பேரோட கமுக்கமா முடிச்சுக்கலாம். ஊர் முழுக்கக் கூப்பிட்டா மானம் போகும்."

"ஒளிச்சுப் பண்ணினா பலிக்காது" என்றார் தக்ஷாபென். மாலைக்குள் நூற்றைம்பது பேரைக் கூப்பிட்டுவிட்டார்.

அடுத்த நாள் ரசிக்பாய்க்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது. "பானையைத் தூக்கிட்டு அக்கினியைச் சுத்தணுமே, அதுக்கு ஒரு ஆள் வேணாமா? சொந்தத்துல நமக்கு இங்க யாரு இருக்கா? அடுத்த வருஷம் ஊர்லேர்ந்து யாராவது வரும்போது வெச்சுக்கலாம்."

தக்ஷாபென் கொத்தமல்லியை ஆய்ந்துகொண்டே யோசித்தார். "ஊர்வி கூட இருக்காளே ஒரு பொண்ணு. நீச்சல் சொல்லிக் குடுக்கிறவ. தோள் நல்ல பலமா இருக்கு. அவ தூக்கட்டும்."

ரசிக்பாய் உட்கார்ந்துவிட்டார். "யெசேனியாவா? அவங்க வேற மதமாச்சே?"

"பானைக்கு என்ன மதம்?"

"அவளுக்குப் புடவைகூடக் கட்டத் தெரியாது."

"நான் கட்டி விடுறேன். சிவப்பா ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்." தக்ஷாபென் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "வேற ஏதாவது சொல்லணுமா?"

கொத்தமல்லி வாசனை அறை முழுக்க நின்றது. எட்டு மாதமாகச் சேர்த்து வைத்த வாக்கியம் ரசிக்பாயின் நாக்கு வரை வந்து, குளிர்ந்த தண்ணீரில் கால் வைத்தவனைப் போலத் திரும்பி ஓடியது.

"மழை வரும்னு சொல்றாங்க" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் ஊர்வியின் மருத்துவமனைக்குப் போனார். மேசை மேல் ஒரு கிழட்டு நாய் படுத்திருந்தது. ஊர்வி அதன் காதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா பானையைத் தூக்க யெசேனியாவையே கூப்பிட்டுட்டா" என்றார் ரசிக்பாய், குற்றவாளியைப் போல.

"தெரியும் பப்பா. அம்மா வீட்டுக்கே வந்து வெத்தலை பாக்கு வெச்சுட்டுப் போனாங்க."

"உனக்குக் கோபம் இல்லையா?"

"எதுக்கு? பானை நல்ல சம்பந்தமாத்தான் தெரியுது. குடிக்காது, சத்தம் போடாது."

அன்று தொலைபேசியில் கத்திய பெண்ணா இது! இவள் மனசு விட்டுவிட்டாள். "கோஸ்டா ரிக்காவுக்கு டிக்கெட் எடுத்துட்டியா?" என்று மெல்லக் கேட்டார்.

"அது இப்ப எதுக்கு பப்பா?" என்று ஊர்வி நாயைப் பார்த்துச் சிரித்தாள்.

எடுத்துவிட்டாள் என்று ரசிக்பாய் முடிவு செய்துகொண்டார். நாய் அவரை அனுதாபத்தோடு பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டியது. நூற்றைம்பது பேரும் வந்தார்கள். பனாமாவில் எங்கள் ஆட்கள் மழைக்காக ஒரு சாப்பாட்டை விட்டதில்லை. யெசேனியா சிவப்புப் புடவையில், மண்பாண்டத்துக்குப் பேர்போன லா அரேனாவிலிருந்து வரவழைத்த மண்பானையை இடுப்பில் ஏந்தி, கோயில் வாசலில் வந்து நின்றாள். பின்னால் அவள் அம்மா இட்செல், பெரிய அண்டா நிறையத் தேங்காய்ச் சோற்றோடு.

"இவங்களை யாரு கூப்பிட்டது?" என்று ரசிக்பாய் பதறினார்.

"நான்தான். பொண்ணு பானை தூக்குறதை அம்மா பார்க்க வேணாமா?" என்றபடி தக்ஷாபென் ஆரத்தித் தட்டோடு போனார்.

வாசலுக்கு வரும் மாப்பிள்ளையின் மூக்கை மாமியார் பிடித்து இழுப்பது எங்கள் குஜராத்தி வழக்கம். இங்கே வந்ததும் பணிவாக இரு என்று அதற்குப் பொருள். தக்ஷாபென் பானையை ஒரு சுற்றுப் பார்த்தார். மூக்கு இல்லை. சட்டென்று கையை நீட்டி யெசேனியாவின் மூக்கைப் பிடித்து இழுத்துவிட்டார்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "பானைக்குப் பதிலா வாங்கிக்கோம்மா!" என்று யாரோ கத்தினார்கள். யெசேனியாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இட்செல் மட்டும் விம்மி விம்மி அழுதாள்.

"அந்தம்மா ஏன் அழறாங்க?" என்று பக்கத்துக் கடை மன்ஹர்பாய் கேட்டார்.

"சளி" என்றார் ரசிக்பாய்.

மைக்கில் மந்திரம் ஓடியது. எங்கள் கல்யாணங்களில் மந்திரத்தை மகராஜும் கடவுளும் மட்டும் கேட்டுக்கொள்வார்கள். மற்றவர்கள் கடை வாடகையைப் பற்றிப் பேசுவார்கள். அன்றும் அப்படித்தான். கூரையில் மழை வேறு.

"பொண்ணோட அப்பா வாங்க" என்று மகராஜ் கூப்பிட்டார்.

ரசிக்பாய் எழுந்து போனார். மகளின் வலது கையை எடுத்து வைக்கச் சொன்னார்கள். பானையைச் சுற்றி யெசேனியாவின் விரல்கள் இருந்தன. ஊர்வியின் கை சூடாக இருந்தது. சின்ன வயதில் தெருவைக் கடக்கும்போது இதே கைதான் அவர் சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொள்ளும். இந்தக் கையை இன்னும் கொஞ்ச நாளில், ஏதோ ஓர் அந்நிய ஊரில், தன் விரல் தொடாமலேயே வேறொரு கையில் வைத்துவிடுவார்கள். தனக்குக் கிடைத்தது இந்தப் பானைதான். அவர் கண்ணை மூடிக்கொண்டு மகளின் கையை அந்த விரல்களின் மேல் வைத்தார். மகராஜ் மேலே தண்ணீர் விட்டார்.

கண்ணைத் திறந்தபோது எதிரே தக்ஷாபென் நின்றிருந்தார். அவரையே பார்த்தார். வாயைத் திறக்காவிட்டாலும் அந்தக் கேள்விதான். ரசிக்பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

இரண்டு பெண்களும் பானையோடு அக்கினியை நான்கு முறை சுற்றி வந்தார்கள். பூ விழுந்தது. எல்லோரும் கை தட்டிவிட்டுச் சாப்பாட்டுக்கு ஓடினார்கள். தேங்காய்ச் சோற்றுக்கும் பூரிக்கும் நடுவே பெரிய போட்டி நடந்தது. ஊர்வி வாய் நிறைய ஜிலேபியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். தக்ஷாபென்னும் இட்செல்லும் ஆளுக்கொரு மொழியில் பேசி, கட்டிக்கொண்டார்கள்.

ரசிக்பாய் மட்டும் பூரியைத் தொடவில்லை. பானையைத் தேடினார். வாசலருகே இருந்தது. யாரோ அதில் ஈரக் குடைகளைச் செருகி வைத்திருந்தார்கள்.

அவருக்குத் திக்கென்றது. பானையை உடைக்கவே இல்லை!

மகராஜைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு செருப்பு வைக்கும் இடத்துக்குப் போனார். மகராஜின் இன்னொரு கையில் இனிப்புத் தயிரான ஸ்ரீகண்ட் கிண்ணம்.

"மகராஜ், எல்லாம் என் தப்பு. அவளுக்குத் தோஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் பொய் சொன்னேன். என் பொண்ணுக்கு அந்த யெசேனியாவைத்தான் பிடிச்சிருக்கு. நாலு வருஷமா. தக்ஷாகிட்டச் சொல்ல எனக்குத் தைரியம் வரலை. இப்ப வேறொருத்திக்கு உரியவளைப் பானைக்குக் கட்டி வெச்சுட்டேனே! இதுல நீங்க பானையைக்கூட உடைக்காம விட்டுட்டீங்க. அந்தக் கல்யாணம் அப்படியே நிக்குமே! இப்பவாவது உடைச்சிடுங்க. என் பொண்ணோட நிஜக் கல்யாணத்தைத்தான் நான் பார்க்கப் போறதில்ல. இந்தப் பாவமாவது இல்லாம போகட்டும்."

எட்டு மாதப் பேச்சும் ஒரே மூச்சில் வந்துவிட்டது. மழை சட்டென்று ஓய்ந்திருந்தது.

மகராஜ் ஸ்ரீகண்டை ஒரு கரண்டி வாயில் போட்டு, நிதானமாக விழுங்கினார்.

"பானைக்குக் கட்டி வெச்சிருந்தாத்தானே உடைக்கிறதுக்கு! தக்ஷாபென் எழுதிக் குடுத்த சீட்டுல இருந்தது ரெண்டு பொண்ணுங்க பேரு. நான் அதை மைக்குலயேதான் வாசிச்சேன், நீங்களும்தான் உங்க கையாலயே பொண்ணைப் பிடிச்சுக் குடுத்தீங்களே, ரசிக்பாய்!"