கம்ப்யூட்டருக்கு வேர்த்த கதை

ஒரு வேலை நல்லபடியாக முடிந்துவிட்டால் எழுந்து போய்விட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்யலாமே’ என்று திரும்ப உட்காருகிறவர்களால்தான் உலகத்தில் பாதி விபத்துகள் நடக்கின்றன. அதில் ஒன்று கோத்தகிரியில், எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது.

தேயிலை விலை அடியோடு விழுந்திருந்த வருடங்கள். பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று பலர் தோட்டத்தை அப்படியே விட்டுவிட, இடுப்பளவுச் செடிகளெல்லாம் மரமாகிக்கொண்டிருந்தன. அப்பா கிளார்க்காக இருந்த சின்ன ஃபேக்டரி பாதி நாள் ஓடவில்லை. இனி தேயிலை ஏலத்தை நம்பிப் பயனில்லை, பாக்கெட் போட்டு நாமே விற்போம் என்று முடிவு செய்தார் முதலாளி போஜன். சரக்கைப் பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து பழனிசாமி என்ற மொத்த வியாபாரி வருவதாக ஏற்பாடு. அவர் எடுத்துக்கொண்டால் ஃபேக்டரி ஓடும்; அப்பாவுக்கு வேலை இருக்கும்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “விளம்பரப் படம் ஒண்ணு கம்ப்யூட்டர்ல நானே பண்ணித் தர்றேனுங்க” என்றேன். (படித்துவிட்டு வீட்டில் இருப்பவன் எதையாவது சொல்லித்தானே ஆக வேண்டும்?)

என் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிற பழைய பெட்டி. அதன் பிராசசரை, செய்தவர்கள் சொன்ன வேகத்துக்கு மேல் முடுக்கிவிட்டேன். அது கொதித்தது. ஊரே ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருக்க, சூடு தாங்கவில்லை என்று கவலைப்பட்ட ஒரே ஜீவன் நான்தான். அம்மாவுக்கு மட்டும் பரம சந்தோஷம். அந்தக் குளிரில் பால் தயிராக உறைவது பெரும்பாடு; அவர் பெட்டியின் தலைமேல் தயிர்க் கிண்ணத்தை வைக்கப் பழகியிருந்தார். கட்டித் தயிர் கிடைத்தது.

சூட்டைக் குறைக்கத் தண்ணீரை ஓடவிடலாம் என்று எங்கோ படித்தேன். மேட்டுப்பாளையம் லேத் பட்டறையில் ஒரு செம்புக் கட்டியைக் குடைந்து வாங்கிப் பிராசசர் மேல் உட்காரவைத்தேன். மீன்தொட்டி மோட்டார் ஒன்று, ஒரு பிளாஸ்டிக் வாளி, இரண்டு கண்ணாடிக் குழாய்கள் (கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்). வாளித் தண்ணீர் ஒரு குழாயில் போய்ச் செம்புக்குள் சுற்றி, மறு குழாயில் வாளிக்கே திரும்பும். தண்ணீர் ஓடுவது பளிச்சென்று தெரியட்டும் என்று சமையலறையிலிருந்து கேசரிப் பவுடர் எடுத்துக் கலந்தேன். ஆரஞ்சு நிறம். பார்க்கவே கம்பீரமாக இருந்தது.

அறுபது டிகிரிக்கு மேல் இருந்தது முப்பத்தைந்துக்கு வந்தது.

“ஏங்கண்ணு, தயிரு உறைய மாட்டேங்குதே. என்ன பண்ணித் தொலைச்ச?” என்றார் அம்மா.

“பிராசசர் குளுந்துருச்சும்மா!”

“அதுக்குக் குளுந்தா உனக்கென்ன? சோத்துக்கு எதை ஊத்துவ?”

படம் முடிந்தது. எழுந்து போயிருக்க வேண்டிய இடம் இதுதான்.

ஆனால் முப்பத்தைந்து என்ற எண் என்னைச் சும்மா விடவில்லை. பழனிசாமி வருகிற காலையில் வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. இத்தனை குளிர் வீணாகிறதே என்று எனக்கு மனசு ஆறவில்லை. வாளியைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே, மேஜையைவிட உயரமாக இருந்த திண்டில் வைத்தேன். குழாய்களை உள்ளே இழுத்து, இடுக்கில் பழைய ஸ்வெட்டரைத் திணித்தேன். முப்பத்தைந்து, இருபதானது. பிறகு பன்னிரண்டு. வருகிறவர்கள் பார்த்து வியக்கட்டும் என்று பெட்டியின் பக்கவாட்டு மூடியையும் கழற்றி வைத்தேன்.

பழனிசாமி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, குரங்குக் குல்லாயோடு வந்தார். பல் தந்தியடித்தது. அப்பா கதவை அடைத்துக் கரி அடுப்பை அவர் பக்கத்தில் வைத்தார். அம்மா அங்கேயே ஸ்டவ்வில் பெரிய பாத்திரத்தில் டீக்குத் தண்ணீர் கொதிக்கவைத்தார். அந்தச் சின்ன அறையில் முதலாளியையும் சேர்த்து ஐந்து பேரின் மூச்சும் ஆவியும். பழனிசாமியின் மூக்குக் கண்ணாடி மங்கிப்போய், அவர் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சூடான அறையில் ஐஸ் தண்ணீர் டம்ளரை வைத்தால் வெளிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோக்கும். இதைப் பள்ளிக்கூடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியிருந்தேன். என் செம்புக் கட்டிக்கும் அது பொருந்தும் என்று மட்டும் தோன்றவில்லை.

படத்தைப் போட்டேன். மலை, மூடுபனி, செடியிலிருந்து கிளம்பும் ஒரு தேயிலை. அது சுழன்று சுழன்று கீழே ஒரு வெள்ளைக் கோப்பையை நோக்கி வந்தது. முதலாளி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அப்பா திரையைப் பார்க்கவில்லை. பழனிசாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க தம்பி,” என்றார் பழனிசாமி, “உங்க கம்ப்யூட்டருக்கு வேர்க்குதுங்களே?”

திரும்பினேன். செம்பு, குழாய் எல்லாவற்றிலும் நீர்த்துளிகள். ஒன்று நிதானமாகத் திரண்டு, நான் பார்க்கப் பார்க்கச் சர்க்யூட் பலகையின் மேல் விழுந்தது. இலை கோப்பைக்கு ஒரு சாண் மேலே அந்தரத்தில் நின்றது. ‘டப்’பென்று ஒரு சத்தம். கருகிய வாசனை. ஃபியூஸ் போய் வீடே இருண்டது.

நான் பதறிப்போய்க் கைக்குக் கிடைத்த குழாயைப் பிடுங்கினேன். மோட்டார்தான் நின்றுவிட்டதே, தண்ணீர் எப்படி வரும் என்று நினைத்தேன். வாளி உயரத்தில் இருந்தது. தண்ணீருக்கு மோட்டார் தேவைப்படவில்லை. உறைபனிக் குளிரில், ஆரஞ்சு நிறத்தில், மொத்த வாளியும் பழனிசாமியின் மடியில் இறங்கியது.

அவர் போட்ட சத்தத்துக்கு எதிர்வீட்டு நாய் பதில் குரைத்தது.

“அய்யோ சாமி!” என்று அம்மா ஓடிவந்து முந்தானையால் துடைக்கப் போக, நிறம் இன்னும் பரவியது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா லுங்கி எடுக்க என்னைத் தாண்டி உள்ளே போனார். என்னைப் பார்க்கவும் இல்லை.

அப்பாவின் லுங்கியைக் கட்டிக்கொண்டு, கம்பளியைப் போர்த்தி, கரி அடுப்பைக் கட்டிப்பிடிக்காத குறையாக உட்கார்ந்தார் பழனிசாமி. வேட்டி காயும்வரை போக வழியில்லை. அம்மா ஃபேக்டரித் தூளில் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நாலாவது டம்ளரில் அவர் நடுக்கம் நின்றது. டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“தூளு நல்லா இருக்குதுங்க. படமெல்லாம் எதுக்குங்க? இதைக் கடைக்காரங்களுக்கு ஒரு டம்ளர் போட்டுக் குடுத்தாப் போச்சு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “அதிருக்கட்டும் தம்பி, அந்த இலை கப்புல விழுந்துச்சா, இல்லைங்களா?”

அப்பாதான் முதலில் சிரித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்தே மாதக்கணக்காகியிருந்தது.

பழனிசாமி சரக்கு எடுத்தார். காவி வேட்டியோடு பஸ் ஏறினவரை, பழனிக்குப் போறீங்களா சாமி என்று கேட்டு ஒருவர் எழுந்து இடம் கொடுத்தாராம். விலை உடனே ஏறிவிடவில்லை. ஆனால் ஃபேக்டரி ஓடியது. கம்ப்யூட்டர் மட்டும் பிழைக்கவில்லை. படமும் அதோடு போயிற்று.

அதன்பிறகு நான் எந்த இன்டர்வியூவுக்குப் போய்வந்தாலும் வீட்டில் ஒரே கேள்வி: “இலை விழுந்துச்சா?” என் கல்யாணத்தில் தாலி கட்டி நிமிர்ந்தபோது முன்வரிசையிலிருந்து பழனிசாமி உரக்கக் கேட்டார், “தம்பி, இலை விழுந்துருச்சுங்களா?” மண்டபமே அதிர்ந்தது. அந்த நேரத்தில் எடுத்த ஃபோட்டோ இன்னும் சுவரில் இருக்கிறது. அதில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். பெண் மட்டும் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறாள்.