ஒரே ஒரு இடந்தான் கேட்டாள்

இந்தச் சாரல் சீசனுக்கு நான் ஒரு சபதம் எடுத்தேன். அருவியில் தண்ணி விழுந்தாலும் சரி, விழாவிட்டாலும் சரி, எங்கள் லாட்ஜ் வெப்சைட்டில் என் பெண்டாட்டி சண்முகசுந்தரியின் போன் நம்பர் மட்டும் விழக் கூடாது.

இதெல்லாம் ஒரு சபதமா என்று கேட்பீர்கள். என் நாக்கைக் கேட்டுப் பாருங்கள், அது சொல்லும்.

குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் எங்களுக்கு ஆறு ரூம் உள்ள ஒரு சின்ன லாட்ஜ். மேலே கெஸ்ட், கீழே நாங்கள். ரூம் பெருக்குவது, போர்வை துவைப்பது, கெஸ்டுக்குச் சமைப்பது, குழாய் ஒழுகினால் ஆள் பிடிப்பது, எல்லாம் சுந்தரி. போன் எடுத்து ரூம் இருக்கு, இல்லை என்று சொல்வது நான். அந்த ஒரு வேலைக்குத்தான் நிர்வாகம் என்று பெயர் வைத்திருந்தேன்.

போன வருஷம் எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தென்காசி டாக்டர் சொன்னார். "கொஞ்சம் குறைச்சுக்கிடுங்க" என்றுதான் சொன்னார். அதை வீடு கொண்டு வந்து சேர்ப்பதற்குள் சுந்தரி சட்டமாக்கிவிட்டாள். காலையில் கோதுமை ரவை. மத்தியானம் கையளவு சோறு, அதுவும் அவள் கையளவு. சாயங்காலம் கேப்பைக் கூழ். மைதா என்பது எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை.

ஆனால் போன் என் கையில் அல்லவா இருக்கிறது! அது அடித்தால் போதும். அடிக்காவிட்டாலும் அடிக்கிற மணியை நானே ஒலிக்கவிடுவேன். "ஹலோ! ஆமா சார்! செங்கோட்டை ஸ்டேஷனா? அங்கனயே நில்லுங்க, கூட்டிட்டுப் போக வந்துட்டே இருக்கேன்!" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிக்கொண்டு செருப்பை மாட்டுவேன். ஸ்கூட்டர் நேரே போய் பிரானூர் புரோட்டாக் கடையில்தான் நிற்கும். சால்னாவில் ஊறிய புரோட்டாவைப் பிய்க்கும்போது, ஸ்டேஷனில் நிற்காத அந்தக் கெஸ்டை மனசார வாழ்த்துவேன். திரும்பி வந்து, "ஆளு ட்ரெயின மாத்தி ஏறிட்டான் போல" என்பேன். எத்தனை பேர் எங்கள் லாட்ஜுக்கு வரப் புறப்பட்டுக் கொல்லம் போய்ச் சேர்ந்தார்கள் என்பது எனக்குத்தான் தெரியும்.

சுந்தரி நம்பர் வெப்சைட்டில் வந்தால், போன் அவளிடம் அடிக்கும். போன் அவளிடம் அடித்தால் நான் வீட்டில் இருப்பேன். வீட்டில் கூழ் இருக்கும். இப்போது புரிகிறதா?

இப்படியிருக்க, ஒரு நாள் காலையில் விருதுநகரிலிருந்து பாண்டித்துரை என்று ஒருவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து இறங்கினார். முகம் சிவந்திருந்தது. குளிக்கும் முன்பே தலை கலைந்திருந்தது.

"ஏன் சார், ஒங்களுக்கு லாட்ஜ் நடத்த இஷ்டம் இருக்கா இல்லியா?"

"என்ன சார் ஆச்சு?"

"ஒங்க வெப்சைட்டுல அஞ்சாம் நம்பர் ரூமுக்கான பக்கத்துல இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். ஹீட்டர் இருக்கான்னு கேட்டா, பருத்திக்கொட்டைதான் இருக்குங்காரு. சரி, தமாஷான ஆளு போலன்னு, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடைக்குமான்னு கேட்டேன். எத்தனை மூட்டைன்னு கேக்காரு!"

பின்னால் கதவு நிலையைப் பிடித்தபடி சுந்தரி நின்றாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே பாதிச் சர்க்கரை இறங்கிவிட்டது.

நடந்தது இதுதான். போன சீசனில் என் போன் ஐந்தருவியில் விழுந்துவிட்டது. சிம் யாரோ பெயரில் வாங்கியது. பழைய நம்பர் போச்சு, புது நம்பர் வந்தது. வெப்சைட்டில் மொத்தம் ஒன்பது பக்கம். ஆறு ரூமுக்கு ஆறு, முகப்பு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, வழி சொல்ல ஒன்று. ஒவ்வொன்றின் தலையிலும் என் நம்பர் தனித்தனியாக எழுதியிருக்கும். நம்பரை மாற்றச் சொன்னபோது, நான்தான் அஞ்சாம் ரூமைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்தப் பழைய நம்பர் இப்போது கடையத்தில் மாட்டுத்தீவனம் விற்கிற சுடலைராஜ் என்பவரிடம் இருக்கிறது.

சுந்தரி அவருக்கே போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். அவர் நல்ல மனுஷன். "பரவால்ல ஆச்சி. ஒரு ஆளு மெய்யாவே ரெண்டு மூட்ட வாங்கிட்டான்" என்றாராம்.

போனை வைத்த கையோடு என்னைத் தென்காசிக்கு இழுத்துப் போனாள்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஷமீம் பானுவின் கம்ப்யூட்டர் கடை. எங்கள் வெப்சைட்டைக் கட்டியவள் அவள்தான். சுந்தரிக்குச் சிநேகிதி. பக்கத்து வீட்டில் இருந்தபோது இரண்டு பேரும் காம்பவுண்டுச் சுவருக்கு மேலாக ஊரையே ஆண்டவர்கள்.

"வாங்க மைனி. வாங்க அண்ணாச்சி. என்ன, புண்ணாக்கு யாவாரம் எப்படிப் போகுது?"

"ஏட்டி பானு, அதுக்குள்ள சொல்லிட்டாளா ஒங்க மைனி?"

"மைனிட்ட எம் நம்பர வாங்கி, கடையத்துக்காரரே போன் போட்டாரு. அவரு கடைக்கும் ஒரு வெப்சைட் வேணுமாம்."

பானு எங்கள் பக்கங்களைத் திறந்து காட்டினாள். "இங்க பாருங்க. ஒம்பது பக்கத்துலயும் தல ஒண்ணுதான், காலும் ஒண்ணுதான். நடுவுல உள்ள சமாச்சாரம்தான் வேற. ஆனா நான் அப்ப ஒவ்வொண்ணையும் தனியா எழுதிப்புட்டேன். ஒரு எழுத்து மாத்தணும்னாலும் ஒம்பது தடவ மாத்தணும். இத வேர்ட்பிரஸ் தீமா, அதாவது எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான ஒரே வடிவமா மாத்திருவோம். தலைய ஒரு தடவ வெட்டி ஹெட்டர்னு தனியா வச்சிக்கிடணும். கால வெட்டி ஃபுட்டர்னு வச்சிக்கிடணும். நடுவ வெறும் இடமா விட்டுறணும். எந்தப் பக்கத்தத் தொறந்தாலும் தலையும் காலும் தானா வந்து ஒட்டிக்கிடும். நடுவுல மட்டும் அந்தந்த ரூம் சமாச்சாரம் வந்து விழும்."

எனக்கு யாரையோ கொலை செய்யத் திட்டம் போடுகிற மாதிரி இருந்தது. சுந்தரிக்குக் கண் மின்னியது.

"முறுக்கு அச்சு மாதிரிதான பானு? அச்சு ஒண்ணு. மாவ மட்டும் மாத்தி மாத்திப் போட்டுக்கிடலாம்."

"அதேதான் மைனி! டெம்ப்ளேட்டுன்னா அச்சுதான்."

"அப்ப பழைய ஒம்பது தலையும்?"

"தூரப் போட்டுறலாம். இனி ஒரு தல போதும்."

"நல்லது" என்றாள் சுந்தரி, என்னைப் பார்த்துக்கொண்டே.

நான் ரொம்பப் புரிந்தவன் போலத் தலையாட்டினேன். கடிகாரம் பன்னிரண்டரை. தோசைக்கல்லில் புரோட்டா விழுகிற நேரம். என் காதில் பானு பேசியதைவிட அந்தச் சத்தம்தான் அதிகம் கேட்டது.

அப்போதுதான் சுந்தரி மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, மாத்தும்போது எம் நம்பரையும் போட்டுருவமா?"

வந்ததா! நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எதுக்கு? ரெண்டு நம்பர் இருந்தா கெஸ்டு குழம்பிருவான்."

"ஒரு நம்பர் இருக்கும்போதே பருத்திக்கொட்டைல போயி நிக்கான்."

"அது கைமறதி."

"போன வருஷம் மூணாம் ரூம ரெண்டு குடும்பத்துக்குக் குடுத்தீகளே, அது?"

"அதனால என்ன? ரெண்டு குடும்பமும் இப்ப சம்பந்தி ஆயிட்டாங்க தெரியுமா?"

"ஆவாம என்ன செய்வாங்க? ஒரே கட்டில்ல ஒம்பது பேரு படுத்திருந்தாங்க."

பானு வாயைப் பொத்திக்கொண்டாள். இதை நீளவிட்டால் ஆபத்து. புரோட்டாவும் ஆறிவிடும். பெரிய மனதோடு விட்டுக்கொடுக்கிற மாதிரி ஒரு திட்டம் போட்டேன். ஒரு இடம் கொடுப்போம். சாப்பாட்டுப் பக்கத்தில் ரசத்துக்குக் கீழே போட்டுக்கொள்வாள். அருவிக்கு வருகிறவன் ரசத்தையா படிக்கப் போகிறான்?

"இங்கேரு சுந்தரி. ஒனக்காகச் சொல்லுதேன். ஒம் நம்பர ஒரே ஒரு இடத்துல போட்டுக்கோ. எந்த இடம்னு நீயே பாத்துக்கோ. ஆனா ஒரு இடத்துக்கு மேல ஒரு இடம் கிடையாது."

"ஒரே ஒரு இடம்."

"ஆமா. எம் நம்பர யாரும் தொடப்பிடாது. அது எங்கன இருந்துதோ அங்கனயே இருக்கட்டும்."

பானு திரும்பினாள். "அண்ணாச்சி, நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதீகளா?"

"இந்தா பாரு பானு, முத்துக்குமாரசாமி ஒண்ணு சொன்னா சொன்னதுதான். நீயே சாட்சி."

பானு சுந்தரியைப் பார்த்தாள். சுந்தரி மின்விசிறியைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அடிக்க வைத்தது யார் என்று உங்களுக்குத் தெரியும். "ஹலோ! செங்கோட்டை ஸ்டேஷனா?" என்றபடியே எழுந்துவிட்டேன்.

அன்றைக்குச் சாப்பிட்டது வெற்றிப் புரோட்டா. இன்னொன்று கூட வாங்கினேன்.

அடுத்த வாரம் சாரல் பிடித்தது. மெயின் அருவியில் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. லாட்ஜ் நிறைந்து வழிந்தது. ஆனால் என் போன் மட்டும் ஊமையாகக் கிடந்தது. மேஜை மேல் சுந்தரியின் போனோ கோயில் மணி மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஆமா சார், ரூம் இருக்கு. ஹீட்டர் இருக்கு. ஆமா, பொம்பளதான் நடத்துதேன். நம்பி வாங்க."

போனில் வெப்சைட்டைத் திறந்தேன். முகப்பு. மேலே, லாட்ஜ் பெயருக்கு அடியில், தடித்த எழுத்தில் சுந்தரி நம்பர். ஒன்றாம் ரூமைத் திறந்தேன். அங்கும் அவள். இரண்டு, மூன்று, நாலு, எல்லாவற்றிலும் அவள். ரசத்துக்கு மேலேயும் அவள். வழி காட்டுகிற பக்கத்தில்கூட வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

என் நம்பர்? பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். இல்லை.

விடுவேனா? பானுவிடம் பாஸ்வேர்டு கேட்டேன். மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். உள்ளே போய் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து அவள் நம்பரை அழிக்கப் பார்த்தேன். உள்ளே ரூம் சமாச்சாரம் இருக்கிறது, கட்டில் இருக்கிறது, கொசுவலை இருக்கிறது. நம்பர் இல்லை! வெளியே வந்து பார்த்தால் இருக்கிறது. உள்ளே போனால் இல்லை. எல்லாப் பக்கத்திலும் தெரிகிறாள், எந்தப் பக்கத்திலும் அகப்பட மாட்டேன் என்கிறாள். நான் கடவுளைத்தான் அப்படிக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

"ஏட்டி சுந்தரி! வாக்குத் தவறிட்டியே! ஒரே ஒரு இடம்னுதான சொன்னேன்?"

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையே நிமிரவில்லை. "ஒரே ஒரு இடத்துலதான் போட்டேன். ஹெட்டர்ல."

"ஒம்பது பக்கத்துலயும் வருதே!"

"அது அச்சு. மாவு எத்தன தடவ போட்டாலும் அச்சுல உள்ளதுதான விழும்? பானு சொல்லும்போது நீங்களுந்தான தலையாட்டினீக?"

"சரி, எம் நம்பர் எங்க? இருந்த இடத்துலயே இருக்கணும்னேனா இல்லியா?"

"இருந்த இடத்துலயேதான் இருக்கு. பழைய தலையில."

"பழைய தல எங்க?"

"அத அன்னைக்கே தூரப் போட்டாச்சே."

பானுவுக்குப் போன் போட்டேன். "சாட்சி நீதான!" என்றேன். "ஆமா அண்ணாச்சி. நீங்க சொன்னதுல ஒரு எழுத்துக்கூட நான் மாத்தல" என்றாள். அவள் குரலில் சிரிப்பு இல்லை. போனை வைத்த பிறகு சிரித்திருப்பாள்.

மூன்று நாள் கோதுமை ரவையோடு பேசாமல் இருந்து பார்த்தேன். ரவை மசியவில்லை. நாலாம் நாள், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சுந்தரியிடமே போய் நின்றேன்.

"எனக்கும் ஒரே ஒரு இடம் குடு சுந்தரி. நானும் இந்த லாட்ஜுக்கு ஓனர்தான. ஊர்ல நாலு பேரு கேப்பான்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணில் ஈரம் தெரிந்தது. வெங்காயமாக இருக்கலாம்.

"சரி. ஒரே ஒரு இடம். எந்த இடம்னு நான் சொல்லுவேன்."

"தனிப் பக்கமா?"

"தனிப் பக்கந்தான். வேற யாரு நம்பரும் அதுல இருக்காது. ஹெட்டர்கூடப் போட வேண்டாம்னு பானுட்ட சொல்லிருதேன்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு பக்கம் முழுக்க நான் ஒருத்தனே! மறுநாள் பானு அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பினாள். திறந்தேன்.

'மன்னிக்கவும். நீங்கள் தேடியதைக் காணவில்லை.' அதற்குக் கீழே என் பெயர். அதற்குக் கீழே என் நம்பர்.

"இது என்ன பக்கம் பானு?"

"தீம்னா இந்தப் பக்கமும் இருக்கணும் அண்ணாச்சி. யாராச்சும் இல்லாத பக்கத்தத் தேடி வந்தாங்கன்னா, அவங்களுக்குக் காட்டுததுக்கு."

"அப்படி எத்தன பேரு வருவாங்க?"

"நான் ஒழுங்கா வேல பாத்திருந்தா யாரும் வர மாட்டாங்க" என்றாள் பெருமையாக.

நேற்று மத்தியானம் பொறுக்க முடியவில்லை. சுந்தரி யாரோ திருச்சிக் கெஸ்டோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு நீளமாகப் போயிற்று. சாக்கு ஒன்றும் சொல்லாமல், ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை போய், அங்கே ஸ்டார்ட் செய்தேன். பிரானூர். இலை. இரண்டு புரோட்டா. சால்னாவை ஊற்றச் சொன்னேன். முதல் வாயைப் பிய்த்து எடுத்தேன்.

போன் அடித்தது.

நிஜமாகவே அடித்தது! நான் அடிக்க வைக்காமல் அதுவே அடித்தது! எத்தனை நாள் கழித்து! யார் நம்பர் என்றுகூடப் பார்க்கவில்லை. சால்னாக் கையோடு எடுத்தேன். கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னேன்.

"ஹலோ! லாட்ஜ் ஓனர் முத்துக்குமாரசாமி பேசுதேன்! சொல்லுங்க!"

"ஒண்ணுமில்ல. வீடு பூரா ஒண்ணத் தேடினேன், காணல. காணாமப் போனா இந்த நம்பருக்குக் கூப்பிடணும்னு வெப்சைட்டுல போட்டிருந்துச்சு."

பிய்த்து வைத்த துண்டைச் சத்தம் காட்டாமல் மறு கையால் வாய்க்குக் கொண்டு போனேன்.

"அத அப்படியே இலையில வச்சிட்டு வாங்க. கூழு ஆறுது."

இந்தச் சீசனில் என் நிர்வாகத்துக்கு வந்த ஒரே போன் அதுதான்.