செக்கர் வீட்டுக் கட்டில்

"வண்டி உங்க தெரு வரைக்கும் வந்துச்சு சார். வீட்டுக்காரங்கதான் இன்னைக்கு வேணாம்னுட்டாங்களாம்" என்றாள் ஃபர்னிச்சர் கடைப் பெண், போனில்.

"வீட்டுக்காரங்களா? காலையிலேர்ந்து பல்லுகூட விளக்காம வாசல்ல நிக்கிறேன்மா. நான் எப்ப வேணாம்னேன்?"

"டிரைவர் அப்படித்தான் சொல்றார் சார். போன தடவையும் இதேதான்."

செக்கர் போனை வைத்தார். பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதிப்பது அவர் உத்தியோகம் என்பதால் தெருவே அவரைச் செக்கர் என்றுதான் கூப்பிடும். டிக்கெட் வாங்கியவரையே இரண்டு தடவை பார்க்கிற மனுஷர். டிக்கெட்டில் போட்டோ இல்லையே என்றுதான் அவருக்கு வருத்தம் என்று கண்டக்டர்கள் கேலி செய்வார்கள்.

இப்போது அவருக்கு வேண்டியது ஒரே ஒரு கட்டில். மனைவிக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. "தரையிலயும் படுக்கக் கூடாது, தொய்ஞ்சுபோன பழைய கட்டில்லயும் கூடாது. நல்ல கட்டில் வந்துச்சுன்னு சொல்லுங்க, அன்னைக்கே அனுப்புறேன்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். செக்கரும் சூட்டோடு சூடாகப் பழைய கட்டிலை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு, வெறுந்தரையில் புரண்டுகொண்டு காத்திருந்தார். அவள் இல்லாத வீடு அவருக்குப் பிடிக்கவே இல்லை. சண்டை போடக்கூட ஆளில்லாதது ஒரு வீடா?

வீட்டுக்காரங்க... அந்த வார்த்தை மண்டையைக் குடைந்தது. சட்டென்று பொறி தட்டியது. வீட்டுக்காரர்! மாடியில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர்! போன மாதம்தான் சுவருக்கெல்லாம் புதுப் பெயிண்ட் அடித்தார். கட்டில் உள்ளே வந்தால் சுவர் கீறும். சுவர் கீறக் கூடாதென்றால் கட்டில் வரக் கூடாது.

செக்கர் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்குப் போனார்.

"எதுக்கு சார் என் கட்டிலைத் திருப்பி அனுப்புறீங்க?"

"எந்தக் கட்டில்?" என்றார் வீட்டுக்காரர், ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே.

"ஆகா, ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி கேக்குறீங்களே! பெயிண்டுக்காகத்தானே?"

"யோவ், உன் கட்டில் வந்தா எனக்கென்ன, வராட்டி எனக்கென்ன? மரியாதையா கீழ போ."

"தப்பு செஞ்சவங்களுக்குத்தான் சார் இப்படிக் கோபம் பொத்துக்கிட்டு வரும். தினமும் பஸ்ல பாக்குறேன்."

வீட்டுக்காரர் துண்டைச் சுருட்டிக் கொடியில் எறிந்தார். "ஒரு மாசம் டைம். வீட்டைக் காலி பண்ணிடு."

இதுவரை கட்டில்தான் இல்லை. இனி அதைப் போட வீடும் இல்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் மனைவி சாய்ந்து படுத்து வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். செக்கரின் கண் நேராகக் குப்பைக் கூடைக்குப் போனது.

"ரெண்டு ஆரஞ்சுத் தோல் கிடக்கே. யார் வந்தாங்க?"

"யாரும் வரலைங்க. ரெண்டையும் நான்தான் தின்னேன்."

"ரெண்டா? வீட்டுல ஒண்ணே உனக்கு ஜாஸ்தியாச்சே?"

அவள் பத்திரிகையின் பக்கத்தைத் திருப்பினாள். "கட்டில் என்னாச்சு?"

"இன்னைக்கும் வரலை. இதுல பெரிய சதி இருக்கு. ஆனா விட மாட்டேன்."

"அவசரப்படாதீங்க. வர்றப்ப வரட்டும். நான் இங்கயே பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துக்கிறேன்."

அவள் பொறுமையை நினைத்துச் செக்கருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளை ஆஸ்பத்திரியில் கிடக்க வைக்கிறார்களே, பாவிகள்!

மறுநாள் கடைக்குப் போன் போட்டு ஒரு ஏற்பாடு செய்தார். இனி யார் என்ன சொன்னாலும் கேட்கக் கூடாது. 'வெள்ளரிக்காய்' என்று பாஸ்வேர்டு சொல்கிறவர் பேச்சைத்தான் கேட்க வேண்டும். ஏற்பாடு முடிந்ததும் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே காவல் இருந்தார்.

மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன்.

"சார், கட்டில் கொண்டாந்திருக்கோம். வாசல்லதான் நிக்கிறோம். பாஸ்வேர்டு சொல்லுங்க, இறக்கிடுறோம்."

"நீ யாரு?"

"மாத்து டிரைவர் சார். வழக்கமா வர்றவரு இன்னைக்கு லீவு."

மாற்று டிரைவரா! செக்கரின் காது விடைத்தது. பாஸ்வேர்டைப் பிடுங்கத்தானே இந்த நாடகம்?

"முதல்ல நீ சொல்லு. சரியா தப்பான்னு நான் சொல்றேன்."

"நானே சொல்லிட்டா அப்புறம் அது என்ன சார் பாஸ்வேர்டு?"

"ஓகோ, எனக்கே பாடம் எடுக்குறியா? உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!"

"வெயில் மண்டையைப் பொளக்குது சார். ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க, கட்டில் தெரியும்."

"நான் முன்னால எட்டிப் பார்க்கணும், நீங்க பின்னால புகுந்துடணும். அதானே?"

போன் கட்டானது. வண்டி உறுமும் சத்தம் கேட்டது. செக்கர் பதறியடித்துக்கொண்டு ஓடி வந்து பார்த்தபோது, தெரு முனையில் கட்டில் கால்கள் மட்டும் தெரிந்து மறைந்தன.

"இன்னைக்கு நிஜமாவே நீங்கதான் சார் திருப்பி அனுப்பியிருக்கீங்க" என்றாள் கடைப் பெண்.

செக்கருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் யார் முன்னால் அழுவது? இனி யாரையும் நம்பிப் பிரயோஜனமில்லை என்று முடிவெடுத்து, மறுநாள் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு கடையின் குடோன் வாசலுக்கே போய் நின்றார். அவர் கட்டிலை ஏற்றிக்கொண்டு வண்டி வெளியே வந்தது. கையை நீட்டி நிறுத்தினார்.

"செக்கிங்" என்று சொல்லி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வண்டியை ஓட்டி வந்தது லீவு முடிந்து வந்த பழைய டிரைவர். யூனிஃபார்மைப் பார்த்ததும், கம்பெனி ஆள் என்று நினைத்து வெலவெலத்துப் போனார்.

"பின்னால இருக்கிற கட்டில் ஏன் ஊரைச் சுத்திட்டு ஊரைச் சுத்திட்டு குடோனுக்கே திரும்பி வருது? கையும் களவுமா பிடிச்சாச்சு. மழுப்பாம சொல்லு, உன்னை ஏவி விட்டது யாரு?"

சொல்லட்டும். சொன்னதும் இதே வண்டியில் அந்த மாடி வீட்டுக்காரர் முன்னால் போய் இறங்க வேண்டும். செக்கருக்கு உள்ளங்கை நமநமவென்று இருந்தது.

டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என் வேலைக்கு உலை வச்சிடாதீங்க சார். அந்த வீட்டம்மாதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணிக் கெஞ்சுறாங்க. 'கட்டில் போய்ச் சேந்துட்டா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க தம்பி, இன்னும் நாலு நாள் இழுத்தடிங்க, கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்பதான் யாருக்கும் பதில் சொல்லாம நிம்மதியா படுத்திருக்கேன்'னு!"