அத்தைக்காகப் பார்த்த மீன்

அன்புள்ள சித்ராதேவி அத்தைக்கு,

முதலிபாளையத்திலிருந்து மதுமதி வணங்கி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அங்கே உங்கள் கால், காலிலுள்ள மாவுக்கட்டு, கிட்டுசாமி மாமா, புதிதாகக் கன்று போட்ட எருமை எல்லோரும் சுகமென்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று மாமா கேட்பார். போனில் எனக்கு "ம்" தவிர வேறு வராது என்பது உங்களுக்குத் தெரியும். குண்டடத்தில் கடிதம் வந்தால் மாமா வாசலில் நாற்காலி போட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும்படி படிப்பார் என்பது எனக்குத் தெரியும். அவர் மூச்சு வாங்கட்டும் என்று சின்னச் சின்ன வாக்கியமாக எழுதத்தான் நினைக்கிறேன். முடியாமல் போனால் மன்னிக்கச் சொல்லுங்கள்.

முதலில் நன்றி. குலுக்கலில் வந்தது உங்கள் பெயர். நாம் தைக்கிற கடற்கரை உடுப்பை மொத்தமாக வாங்கும் வெளிநாட்டு வியாபாரியான பையர், தைக்கிறவர்களும் ஒரு தடவை கடலைப் பார்க்கட்டும் என்று ஆறு பேரை அந்தமானுக்கு அனுப்பச் சொன்னதும், உங்கள் சீட்டு வந்ததும், அந்தச் சந்தோஷத்திலேயே நீங்கள் கம்பெனிப் படியில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டதும் ஊருக்கே தெரியும். உங்களுக்குப் பதிலாக வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். பத்தாவதோடு பள்ளியை விட்டுவிட்டு, செக்கிங் டேபிளில் உங்கள் பக்கத்தில் நின்று பிசிறு வெட்டிக்கொண்டு, யாராவது பெயர் கேட்டாலே உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிற என்னை அனுப்பச் சொன்னீர்கள். கூடவே ஒரு வேலையும் கொடுத்தீர்கள். "அந்த மீன் நெசமாலுமே அப்படித்தான் இருக்குதான்னு உன் கண்ணால பாத்துட்டு வந்து சொல்லோணும் அம்மிணி. எனக்கு வேறெதுவும் வாங்கியார வேண்டாம்."

வாசலில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்காக மீன் கதையையும் எழுதிவிடுகிறேன். போன வருஷம் மீன் படம் போட்ட பனியன் ஆர்டர் வந்தது. மஞ்சள் மீன், மேலே கருப்புக் கோடு. வால் பக்கத்தில் மஞ்சள் நிறம் கோட்டின் எல்லையைத் தாண்டிக் கருப்பின் மேல் ஏறியிருந்தது. பிரிண்ட் நகர்ந்துவிட்டது என்று அத்தை மொத்த லாட்டையும் ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிட்டார். சூப்பர்வைசர் நாச்சிமுத்து அண்ணன், பையர் ஒப்புக்கொண்ட சாம்பிளைக் கொண்டுவந்து காட்டினார். அதிலும் அப்படியேதான் இருந்தது. "எந்த மீனாச்சும் இப்படிக் கலரு ஏறிப் பொறக்குமாங்க?" என்று அத்தை கேட்டார். அன்றிலிருந்து செக்ஷன் முழுக்க அத்தைக்கு 'மீன் இன்ஸ்பெக்டர்' என்று பேர். அத்தையும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு வாட்ச்மேன் கொட்டகைப் பக்கம் தனியாகப் போய்விடுவார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் அத்தை. அதனால் விமானம் ஏறும்போதே, மீனைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

விமானம் ஏறுவதற்கே விடுவதாக இல்லை. நாங்கள் ஆறு பேரும் வேலைக்குப் போகிற பழக்கத்தில் பிசிறு வெட்டுகிற டிரிம்மரைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டே கிளம்பியிருக்கிறோம். சோதனை செய்கிற அம்மா என்ன இது என்று கேட்டார். எங்களோடு வந்த மருதாள் அக்கா, "கத்தி இல்லீங்க, பிசிறு வெட்டறதுங்க" என்று பணிவாகச் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். விளங்கட்டும் என்று, அந்த அம்மாவின் யூனிபார்ம் கைப்பட்டியில் நீட்டிக்கொண்டிருந்த நூலை எட்டி வெட்டியே காட்டிவிட்டார். அப்புறம் எங்களை ஓரமாக நிற்க வைத்து, பெரிய அதிகாரி வந்து, அவர் சிரித்து, டிரிம்மரை எல்லாம் பிடுங்கிக்கொண்டு விடுவதற்குள் விமானம் கிளம்பிவிடுமோ என்று நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். போகிற வழியெல்லாம் கழுத்து வெறிச்சென்று இருக்கிறது என்று மருதாள் அக்கா புலம்பிக்கொண்டே வந்தார்.

தீவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மணல், பிளீச்சிங் போட்ட துணி மாதிரி வெள்ளை. தண்ணீரின் நீலத்தை நம் சாயப்பட்டறையில் கேட்டால் அப்படி ஒரு ஷேடு வராது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இங்கே செய்ய வேண்டியது சும்மா படுத்திருப்பதுதான் என்றார்கள். படுத்தோம். கொஞ்ச நேரத்தில் மருதாள் அக்கா எழுந்து காய்ந்திருந்த துண்டுகளை மடிக்க ஆரம்பித்தார். அவர் மடிக்கும்போது நாங்கள் எப்படிப் படுத்திருப்பது? கை கொடுத்தோம். எங்கள் துண்டு முடிந்ததும் பக்கத்து விடுதிக்காரர்களின் துண்டு, அதற்கும் அடுத்தவர்களுடையது என்று கரை முழுக்க மடித்து சைஸ்வாரியாக அடுக்கி முடித்தபோதுதான், குளித்துவிட்டு ஈரத்தோடு வந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் துண்டு எது என்று தெரியாமல் நிற்பதைப் பார்த்தோம். ஒருவர் கோபப்படாமல் கைகூப்பிவிட்டுப் போனார். எதற்கென்று இன்னும் விளங்கவில்லை.

மறுநாள் மீன் பார்க்கப் படகில் கூட்டிப்போனார்கள். படகுக்காரர் மணியன் அண்ணன், ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து போய்க் குடியேறிய குடும்பம். எனக்கு முன்னால் இருந்தவருக்கு மிதவைச் சட்டையைக் கட்டிவிட அவர் குனிந்தபோது, அவர் பனியனின் கீழ்மடிப்பில் ஒரு நூல் தொங்கியது. அத்தை, நான் எதுவும் நினைக்கவில்லை. கைதான் போனது. டிரிம்மர் இல்லை. இழுத்தேன். கீழ்மடிப்புக்குப் போடுகிற பேட்லாக் தையலைப் பிரிகிற பக்கத்திலிருந்து இழுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரசரவென்று சுற்றுமுற்றும் பிரிந்து மடிப்பு தொங்கிவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. மருதாள் அக்கா ஓடிவந்து அவர் காலரைத் திருப்பி லேபிளைப் பார்த்துவிட்டு, "நம்மூரு சரக்குதான். ஆனா நம்ம கம்பெனி இல்ல" என்றதும் எல்லோருக்கும் அப்படி ஒரு நிம்மதி.

மணியன் அண்ணனுக்கு மட்டும் நிம்மதி இல்லை. "ஏன் தாயி, மீனப் பாக்க வந்தியா, என் சட்டையப் பிரிக்க வந்தியா?" என்றார். ஒளிந்துகொள்ள உங்கள் முதுகைத் தேடினேன். அது குண்டடத்தில் இருந்தது. "மீனப் பாக்கத்தானுங்க. எங்க அத்தைக்காகப் பாக்கோணுமுங்க" என்று ஆரம்பித்தவள், சாம்பிள், ரிஜெக்ட் பெட்டி, வாட்ச்மேன் கொட்டகை வரைக்கும் சொல்லி முடித்துவிட்டேன். நான் அவ்வளவு பேசி நானே கேட்டதில்லை. அவர் பிரிந்த மடிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழுக்கக் கேட்டார். பிறகு, "அப்ப கட்டாயம் பாத்துத்தேன் ஆகணும். எறங்கு தாயி, கையப் புடிச்சிக்கிறேன்" என்றார். மற்ற ஐந்து பேரும் படகை விட்டு இறங்கவே மாட்டோம் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். நான் இறங்கினேன். முதல் தடவை மூச்சுக்குழாய் வழியாகக் கடலைக் குடித்தேன். அடுத்த தடவை கண்ணைத் திறக்கவில்லை. அதற்கடுத்து திறந்தேன். கீழே மஞ்சள் மீன் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. நீங்கள் சொன்னதுதான் சரி அத்தை. மஞ்சள் நிறம் கருப்புக் கோட்டோடு நிற்கிறது. நூலளவுகூடத் தாண்டவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று டீ நேரத்தில் நாச்சிமுத்து அண்ணன், "என்ன அம்மிணி, உங்கத்தை மீனப் பாத்தியா?" என்று கேட்டார். செக்ஷனே திரும்பிப் பார்த்தது. "பாத்தேனுங்க. அத்தை சொன்னதுதானுங்க செரி. பிரிண்ட்டுதான் தப்பு" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, கடலுக்குள் தலையை விட்டவள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று போய்விட்டார். இப்போது யாரும் அந்தப் பேரைச் சொல்வதில்லை. டேபிளில் உங்கள் இடத்தில் யாரையும் நிற்க விடாமல் வைத்திருக்கிறேன்.

உங்கள் எலும்பு சீக்கிரம் கூடிவர சிவன்மலை முருகன் துணையிருக்கட்டும். வாசித்த மாமாவுக்கும், பொறுமையாகக் கேட்ட எல்லோருக்கும் என் வணக்கம். எருமைக்கும் கன்றுக்கும் என் அன்பு.

நீங்கள் காட்டிய கடலை மறக்காத,
மதுமதி

பின்குறிப்பு: இந்தத் தாளைத் தனியாக மடித்து வைத்திருக்கிறேன். மாமாவிடம் கொடுக்க வேண்டாம். மீன் அச்சு அசலாக அந்தப் பிரிண்ட் மாதிரியேதான் இருக்கிறது அத்தை. வால் பக்கம் மஞ்சள் நிறம் கோட்டைத் தாண்டி ஏறித்தான் கிடக்கிறது. ஒன்றிரண்டு இல்லை, கூட்டமே அப்படித்தான். அத்தனையும் ரிஜெக்ட். ஆனால் எவ்வளவு அழகு தெரியுமா. இன்னொரு செய்தி: கால் சரியானதும் அடுத்த பேட்ச்சில் உங்களை அனுப்புவதாக முதலாளி சொல்லிவிட்டார். போய் நன்றாகப் பாருங்கள், வந்து நான் சொன்னதையே சொல்லுங்கள். நாச்சிமுத்து அண்ணனும் கூட வருகிறாராம். பயப்பட வேண்டாம். அவருக்கு மூக்குக்கண்ணாடி இல்லாமல் எதிரில் இருப்பதே தெரியாது, மூக்குக்கண்ணாடிக்கு மேல், கடலுக்குள் இறங்கும்போது மாட்டுகிற நீச்சல் கண்ணாடியை மாட்ட முடியாது. மணியன் அண்ணனுக்கு நானே போன் போட்டு இதைக் கேட்டுவிட்டேன்.