எதிரியின் ஸ்கூட்டரைத் தள்ளியவன்

இருபத்துநாலு வருஷம் நான் மல்யுத்த வீரனாக இருந்தேன். ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. இதைச் சொல்வதில் இப்போது வெட்கமில்லை, அலுப்புதான் இருக்கிறது. எங்களுடையது வேடிக்கைக்காக நடத்தும் மல்யுத்தம். யார் ஜெயிப்பது என்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிவாகிவிடும். நான் வில்லன், பெயர் கறுப்புச் சுறா. கறுப்பு முகமூடியோடு மேடையேறி, கூட்டத்தைப் பார்த்து உறுமி, கடைசியில் மல்லாந்து விழ வேண்டும். எதிராளி என் மேல் படுத்து அமுக்குவான். நடுவர் மூன்று எண்ணுவார். (எண்ணி முடிப்பதற்குள் கண்ணயர்ந்ததும் உண்டு.)

நாற்பத்தொன்பது வயதில் இடுப்பு என் பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டது. பந்தயங்களை நடத்தும் காதர் பாய்க்குப் போர்ட் பிளேரில் பாத்திரக்கடை. அங்கே போய், "பாய், இதோட போதும்" என்றேன்.

அவர் ஒரு குக்கரைத் துடைத்தபடியே, "சரிப்பா. கடைசி மேட்ச்ல நீயே ஜெயிச்சுக்கோ. பாம்பூஃப்ளாட் மைதானம், ஞாயித்துக்கிழமை" என்றார்.

வீட்டுக்கு ஓடினேன் என்று எழுத ஆசை, நொண்டிக்கொண்டுதான் போனேன். என் மனைவி சரஸ்வதி கல்யாணமானதிலிருந்து ஒரு பந்தயத்துக்கும் வந்ததில்லை. "புருஷன் அடிவாங்குறத வேடிக்கை பாக்கணுமா? ஜெயிக்கிற அன்னிக்குச் சொல்லுங்க, வர்றேன்" என்பாள். அன்றைக்குச் சொன்னேன். பீரோவிலிருந்து பட்டுப்புடவையை எடுத்தாள். ஒரே ஒரு தடவை அவள் முன்னால் ஜெயிக்க வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

எதிராளி சுபாஷ், வங்காளிப் பையன். சௌல்தாரி கிராமத்தில் வெண்டைக்காய் பயிரிடுகிறவன், மேடையில் தங்கப் புலி. தங்கமான பிள்ளைதான், ஆனால் எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. பந்தயத்தன்று வில்லனும் கதாநாயகனும் ஒன்றாகக் கண்ணில் படக்கூடாது. மெயின்லேண்டில் ஆளுக்கொரு பஸ்ஸில் போவார்களாம். இங்கே அந்தமானில், சாத்தம் துறையிலிருந்து அக்கரை பாம்பூஃப்ளாட்டுக்குப் படகுதான். நான், சுபாஷ், அவன் ஸ்கூட்டர், டிக்கெட் வாங்கிய பாதிக் கூட்டம், எல்லாரும் ஒரே படகில். சரஸ்வதி மட்டும் மகளோடு முந்தைய படகிலேயே போய் முன்வரிசையைப் பிடித்துவிட்டாள்.

மர்மம் கெடக்கூடாதென்று நான் சாத்தத்திலேயே முகமூடி மாட்டிக்கொண்டேன். படகில் ஏறியதும் கயிறு பிடிக்கிறவன், "சுறா அண்ணா, இடுப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டான். பதிலுக்கு உறுமினேன். அவன் தைலம் ஒன்றைச் சிபாரிசு செய்தான்.

அக்கரையில் அன்று தண்ணீர் வற்றியிருந்தது. படகிலிருந்து படகுத்துறைக்கு ஏறும் சரிவு செங்குத்தாக நின்றது. முன்னால் போன ஒரு ஸ்கூட்டர் ஏறத் தொடங்கியதுமே உயிரை விட்டது. பின்னால் ஒரு சரக்கு வேன் ஹாரன் அடித்தது. "அரே, தக்கா மாரோ!" என்று யாரோ கத்தினார்கள். தள்ளச் சொல்கிறார்கள். அந்தக் குரல் கேட்டால் கை சும்மா இருக்கிற எவனும் இங்கே நிற்கமாட்டான், தள்ளுவான். நானும் முப்பது வருஷமாகத் தள்ளுகிறவன். குனிந்தேன், யார் வண்டியென்று பார்க்காமலே தள்ளினேன்.

பாதிச் சரிவில் ஓட்டியவன் திரும்பிப் பார்த்தான். சுபாஷ்.

"அண்ணா, ஆப்? சோடோ, சோடோ!" நீங்களா, விடுங்கள் என்று பதறினான். விட்டால் வண்டி என் மேல் உருண்டுவிடும். ஆகவே, முகமூடியோடு, எல்லார் கண் முன்னாலும், என் பரம எதிரியை மேலே தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். மீன்கூடையோடு நின்ற ஒரு அம்மா, "இங்க பாருங்கடி, சண்டைக்கு முன்னாடியே ராசியாயிட்டாங்க!" என்றார். அதே நொடியில் என் இடுப்பில் ஏதோ 'கடக்' என்றது.

மைதானத்தில் நான் உறுமினால் ஜனம் பயந்து திட்ட வேண்டும். அன்றைக்கு, "ஸ்கூட்டர்! ஸ்கூட்டர்!" என்று கைதட்டினார்கள். சுபாஷ் பாவம், என் வேலையையும் சேர்த்து அவனே செய்தான். நான் விரலால் தொட்டால் நாலடி பறந்தான். கடைசியில் மல்லாந்து விழுந்து கண்ணை மூடிக்கொண்டான். நான் அவன் மேல் விழ வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

என்னால் குனிய முடியவில்லை.

"கிரோ அண்ணா, மேரே ஊப்பர் கிரோ," மேலே விழுங்கள் என்று உதடு அசையாமல் கெஞ்சினான். நான் கம்பம் மாதிரி நின்றேன். மயங்கிக் கிடக்க வேண்டிய தங்கப் புலி குதிகாலை உந்தி உந்தி என் பக்கம் நகர்ந்து வந்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வேறு வழியின்றி என் காலைப் பிடித்து ஒரு இழு இழுத்தான். வெட்டிய மரம்போலச் சாய்ந்தேன். அவன் மேல் இல்லை, பக்கத்தில், மல்லாக்க. பதறித் திரும்பியவன் கை என் மார்பில் விழுந்தது.

நடுவர் ஒரு பள்ளிக்கூட டிரில் மாஸ்டர். நான் மல்லாந்து கிடப்பதையும் என் மேல் ஒரு கை இருப்பதையும் பார்த்ததும் எண்ண ஆரம்பித்துவிட்டார்.

"சார், எண்ணாதீங்க சார்," என்றேன். மூன்று எண்ணி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். "பழக்கம்ப்பா," என்றார். அதே பழக்கத்தில் எதிரியின் ஸ்கூட்டரைத் தள்ளியவன் அவரை என்ன சொல்ல முடியும்?

சரஸ்வதி பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடை ஏறி வந்தாள். "ஜெயிச்சாச்சா, இல்லையா?"

"தோத்துட்டேன்."

"இதுக்கா என்னைப் பட்டு கட்டச் சொன்னீங்க?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முகமூடியால் அன்று கிடைத்த ஒரே நன்மை, அது யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கும். முகமூடியைக் கழற்ற விடாமல் அப்படியே கைத்தாங்கலாகக் கூட்டிப் போனாள். திரும்பும்போது சுபாஷின் ஸ்கூட்டரில்தான், அவன் முதுகில் சாய்ந்தபடி, படகு ஏறினேன்.

இன்றும் அந்தச் சரிவில் வண்டி நின்றால், "சுறா அண்ணாவைக் கூப்பிடு" என்கிறார்கள். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பிக்கு முன்னால் இந்தக் கதைதான் பரிமாறப்பட்டது.

வீட்டில் நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கத் திணறும்போதெல்லாம் சரஸ்வதி அடுக்களையிலிருந்தே குரல் கொடுப்பாள். "ஒண்ணு... ரெண்டு..." அதோடு நிறுத்திவிடுவாள். நான் எழுந்து நிற்க எவ்வளவு நேரமானாலும் சரி, மூணு சொல்ல மாட்டாள். இருபத்துநாலு வருஷத்தில் ஒரு நடுவரும் எனக்காக அப்படிக் காத்திருந்ததில்லை.