கிட்டார் மேனியில் பித்தளை இலை பதித்த படலம்

எறும்பின் தலையளவுத் திருகாணியையும் இமை கொட்டாது முடுக்கவல்ல விரல்களை உடையவனே! ஊரார் மூக்குகளின்மேல் ஒளியை ஏற்றிவைத்துவிட்டுத் தன் மூக்கின்மேல் வியர்வையை மட்டும் ஏற்றிக்கொண்டவனே! மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லை பொருத்தி வீற்றிருக்கும் வில்லைவேந்தனே! நின் வெற்றியைப் பாடப் புகுந்தேன். நின் தோல்விகளையும் பாடுவேன், அவைதாம் எண்ணிக்கையில் அதிகம்.

வேந்தனுக்கு ஒரு மனையாட்டி. அவளுக்கு ஒரு கிட்டார். முற்றிய மாதுளையின் செந்நிறமும், குனிந்தால் முகம் காட்டும் மினுமினுப்பும் வாய்ந்த அத்திருமேனியை, புகுந்த வீட்டுக்கு வந்த நாளில் பெட்டி படுக்கைகளையெல்லாம் லாரியில் ஏற்றிவிட்டு, தான் மட்டும் மடியில் கிடத்திக்கொண்டு வந்தவள் அவள். அதன் தூசியைத் துடைக்கும் பேறுகூட வேந்தனுக்கு வாய்த்ததில்லை. அத்தகையவள், மாலையில் தன் அலுவலக ஆண்டுவிழா மேடையில் வாசிக்க இருந்த அந்நாளின் காலையில், அதன் முகப்பில் பதிக்கவென்று கணவன் ஆசையோடு வாங்கி வந்த ஆறு பித்தளை இலைகளைப் புரட்டிப் பார்த்தாள். கிட்டாரைக் கட்டிலில் கிடத்தினாள். வாசற்படியில் நின்று திருவாய் மலர்ந்தாள்.

“உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். ஒரு கீறல் விழுந்துச்சு, அப்புறம் ஜென்மத்துக்கும் நீ இது பக்கமே வரக் கூடாது. சொல்லிட்டேன்!”

அவள் அதை இன்னொரு கையில் ஒப்படைத்தது அதுவே முதல்முறை. வேந்தனின் நெஞ்சு பூரித்தது. அந்த நம்பிக்கையைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று அவன் மெய்யாகவே தவித்தான்.

பகைவரோ பலர். பசையோ, பூச்சைத் தின்று வெளுக்கச் செய்யும் வஞ்சகன். இருபுறமும் ஒட்டும் நாடாவோ, வரும்போது சிரித்து வந்து, போகும்போது பளபளப்பையும் உரித்துக்கொண்டு போகும் துரோகி. விலைச்சீட்டைப் பிய்த்த கையோடு கண்ணாடிச் சட்டத்தின் வண்ணமும் பெயர்ந்து வந்த கொடுமையைக் கடையில் கண்ணாரக் கண்டவன் வேந்தன். இவர்களினும் கொடிய மூன்றாமவன், அழைக்காமலேயே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். மனைவியின் உடன்பிறந்த இளையோன்; ஃபால்ஸ் சீலிங் என்னும் பொய்க்கூரை மாட்டும் தொழிலன்; சுவரென்று ஒன்றைக் கண்டால் துளையிடாமல் உறங்காதவன்; சுற்றத்தார் சூட்டிய பெயர் ட்ரில்லு. அவன் வலக்கரத்தில் இயந்திரம் உறுமியது.

“தள்ளுங்க மாமா! ஆறு ஓட்டை, ஆறு ஸ்க்ரூ. அக்கா வர்றதுக்குள்ள ஒரு தூக்கமே போட்டுடலாம்!”

“என் பொணத்தைத் தாண்டித்தான் மாப்ளே அந்த மிஷின் உள்ள வரும்!” என்று வேந்தன் முழங்கியதில் அடுத்த வீட்டுக் குக்கர்கூட ஒரு கணம் அடங்கியது. ட்ரில்லு தோளைக் குலுக்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

வேந்தனின் வியூகம் வேறு. கிட்டாரின் வயிற்றுக்குள்ளே காந்தம், வெளியே இலை, இடையே மரம், துளையுமில்லை, பசையுமில்லை! கைக்கடிகாரத்தைக் களைந்தான், மோதிரத்தைக் கழற்றினான், பித்தான் உரசுமோ என்றஞ்சிச் சட்டையையும் துறந்தான். தந்திகளைத் தளர்த்தி விலக்கி, வட்ட வாயிலின் வழியே இருள்சூழ் குகைக்குள் முழங்கைவரை புகுந்து, பொத்தானளவுக் காந்தமொன்றை முகட்டில் ஏந்திப் பிடித்து, மறுகரத்தால் முதல் இலையை முகப்பில் அமர்த்தினான். இலை அமர்ந்தது, யோசித்தது, வழுக்கிக்கொண்டு மெத்தையில் விழுந்தது. மீண்டும் வைத்தான், மீண்டும் விழுந்தது.

“மாமா, பித்தளையைக் காந்தம் எங்கயாவது இழுக்குமா? பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் குடுத்தாங்களே!”

நாள்தோறும் உலோகச் சட்டங்களோடு உறவாடும் வேந்தன் பளபளப்பைப் பார்த்து இலை வாங்கினானே தவிர, காந்தத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிட்டாருக்குள் ஒரு கையும் கன்னத்தில் ஒரு கையுமாக அவன் அமர்ந்திருந்த கோலம் கல்லையும் கரைக்கும். ட்ரில்லு கல்லல்ல, முதலில் வயிறு குலுங்கச் சிரித்தான், பிறகுதான் கரைந்தான்.

பகை அங்கே நட்பாயிற்று. அடுக்களையில் பிஸ்கட் டப்பாவொன்று, காந்தம் இழுக்கும் தன் தகர மூடியை ஈந்தது. தகரம் வெட்டும் கத்திரியைப் பையிலிருந்து உருவிய ட்ரில்லு, அம்மூடியை ஆறு வட்டங்களாக வெட்டி, ஓரங்களை அரத்தால் மழுக்கினான். வேந்தன் ஒவ்வோர் இலையின் முதுகிலும் ஒரு வட்டத்தை ஒட்டி, அதன்மேல் கண்ணாடி துடைக்கும் மென்துணியைப் போர்த்தினான். உலோகத்தோடு உலோகமும் துணியும் ஒட்டின, மரத்தைப் பசை தீண்டவில்லை. பசை காய்ந்ததும் மறுபடி குகைப் பிரவேசம். இரண்டாம் காந்தம் முதலாவதைக் கண்டதும் பாய்ந்து கட்டிக்கொண்டது. நகத்தால் பிரித்ததில் நகந்தான் பிரிந்தது. தசைபிடித்து, தோள் மரத்து, பல்லைக் கடித்துப் போராடிய பின், ஆறு இலைகளும் செம்மேனியில் பொன்னெனச் சுடர்ந்தன. தந்திகளை மறுபடி முறுக்கிவிட்டு, இருவரும் கிட்டாரை ஜன்னலோரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தனர். கீறலென்று மருந்துக்கும் இல்லை.

விழாவுக்குக் கிட்டாரை எடுத்துப் போகத் தேவி திரும்பினாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இலைகளைக் கண்டாள், கண் விரித்தாள், “ஐயோ, என்னமா இருக்கு!” என்று கூவிக் கிட்டாரை வாரி மார்போடு இறுக அணைத்துக்கொண்டாள். அணைத்த மார்பில் தொங்கியதோ அலுவலக அட்டை. அட்டையின் தலையில் இருந்ததோ இரும்புக் கிளிப்.

கர்ர்ரக்!

திசைகள் நடுங்கின. ட்ரில்லு தன் இரு கைகளையும் உயர்த்தித் தான் நிரபராதி என்று காட்டினான். அவள் கிட்டாரைத் திருப்பினாள். முதுகில், விரல் நீளத்துக்கு, வெள்ளை வெளேரென்று ஒரு கோடு. கட்டைவிரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தாள், போகவில்லை. மீண்டும் தேய்த்தாள்.

“பின்பக்கம்தானே, யாரு பாக்கப் போறா?” என்றாள்.

“இதையே மாமா பண்ணியிருந்தா?” என்று ட்ரில்லு அறங்கூறும் அவையின் கம்பீரத்தோடு வினவினான்.

“தொலைச்சிருப்பேன்.”

கிட்டாரைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு, அவள் முகம் கழுவப் போனாள்.