பசிபிக்குக்குக் காய்ச்சல்

பசிபிக் சாரைப் போல எரிச்சலூட்டும் மனிதர், தெலுங்கும் உருதும் புழங்கும் எங்கள் அல்வாலில் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் வரவில்லை. திருநெல்வேலிக்காரர். அரசு ஆலை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. கவலையெல்லாம் பசிபிக் பெருங்கடலைப் பற்றி. அது சூடானால் நம் ஊரில் பருவமழை குறையும் என்று எங்கோ படித்துவிட்டார். அன்றோடு தெருவுக்கு நிம்மதி போயிற்று.

பிரவுசிங் சென்டரில் மற்றவர்கள் அமெரிக்க விசாவுக்கும் மாப்பிள்ளைக்கும் அலைமோதும்போது, இவர் கடல் வெப்பப் படத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பார். வெளியே வரும்போது முகம் தொங்கியிருக்கும். "இன்னும் அரை டிகிரி ஏறிட்டு" என்பார். புதிதாகக் குடிவந்த ஒரு அம்மா, வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்று பயந்து ரொட்டியும் சாத்துக்குடியும் கொண்டுபோய்க் கொடுத்தார். மனிதர் கூசாமல் வாங்கிக்கொண்டார்.

அந்த வருஷம் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரன் தசராவுக்குள் காலி செய்யச் சொன்னான். சாஃப்ட்வேர் பையன்கள் கூடுதல் வாடகை தருகிறார்களாம். பக்கத்துத் தெருவில் நான் கட்டிய வீடோ நாலு சுவரோடு நின்றது. தளம் போட்டால்தான் குடிபோகலாம். ஆகஸ்ட் மாதம். போட்ட அன்றே மழை அடித்தால் கான்கிரீட் பாழ். மேஸ்திரி யாதகிரி பொறுக்கச் சொன்னார். நான் புத்திகெட்டுப் போய் பசிபிக் சாரிடம் கேட்டேன்.

"டென்ஷன் நக்கோ வே. பசிபிக் கொதிக்கி. ஒரு சொட்டு விழாது. எங்க வீட்டுக் குடை ரெண்டையும் இஸ்திரிக்காரனுக்குக் குடுத்துட்டேன், போதுமா?"

போட்டேன். கடைசிச் சட்டி கொட்டி மட்டம் தட்டி முடித்ததும் மேற்கே கறுத்தது. எங்களிடம் இருந்த தார்ப்பாய் பாதித் தளத்துக்குத்தான் எட்டியது. தெரிந்த வசவையெல்லாம் அவருக்குச் செலவழித்தேன்.

வந்தார். குடை இல்லாமல், தொப்பலாக நனைந்து. கையில் ஸ்கூட்டர் உறை, குளியலறைத் திரை, சாப்பாட்டு மேஜையின் பிளாஸ்டிக் விரிப்பு. பின்னாலேயே திட்டிக்கொண்டு அவர் மனைவி. மீதித் தளத்தில் விரித்ததும் காற்று ஒரு மூலையைத் தூக்கியது. பசிபிக் சார் அதன்மேல் மண்டியிட்டு, மழை விடும்வரை அசையவில்லை.

"பசிபிக் மேல தப்பில்ல வே. இந்து மகாசமுத்திரமும் ஆப்பிரிக்கா பக்கமா சூடாயிட்டு. அது மழையை இங்க தள்ளிவிட்டுட்டு. அதை நான் பாக்கல."

யாதகிரி நிதானமாகக் கேட்டார். "இன்கா எத்தனை சமுத்திரம் இருக்கு சார்? எல்லாம் பாத்துட்டு ஒரேயடியா சொல்லுங்க."

தசராவுக்கு முன்பே குடிபோனோம். தளம் இன்றுவரை ஒழுகவில்லை. மூலையில் மட்டும் அவருடைய முழங்கால்கள் பதிந்த இரண்டு குழி. யாதகிரி பூசி மூட வந்தார். கை வைக்காதே என்று விரட்டினேன்.

பசிபிக் சார் இப்போது மகனோடு கலிபோர்னியாவில் இருக்கிறார், அந்தப் பாழாய்ப்போன கடலுக்குப் பக்கத்திலேயே. மழை பெய்து அந்தக் குழிகளில் தண்ணீர் தேங்கினால் போன் போடுவேன். "பசிபிக்குக்கு உடம்பு எப்படி இருக்கு சார்?"

ஒரு மணி நேரம் பேசுவார். எனக்கு ஒரு இழவும் புரியாது. போனை மட்டும் வைக்க மாட்டேன்.